சிலுவையிலிருந்து இறக்கியவர்கள்

ஆக்லாந்தில் புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டுமாம். கேட்க வந்தவர் மிகுந்த பணிவோடு, "ஊக்கம் குடுக்கிற மாதிரி எழுதுங்கோ ரீச்சர்" என்றார். ஊக்கம் தேடுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு ஏன் வருகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் கொண்டுவந்த கேக் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பாடத்திட்டம் எழுதுவது எப்படி, புள்ளி போடுவது எப்படி, பின் வரிசையில் தூங்குகிறவனை எழுப்புவது எப்படி என்பதற்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வண்ண வண்ண ஒட்டுத்தாள் தருவார்கள், மத்தியானம் சான்ட்விச்சும் உண்டு. நான் எழுதப் போவது அங்கே சொல்லாத விஷயம். ஒரு பெற்றோர் உங்கள் மேல் முறைப்பாடு கொடுத்து, பிரின்சிபல் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த நொடியில் நீங்கள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று வரும்போது என்ன சொல்வது என்பது.

முதலில் நான் எப்படி இதற்குள் வந்து விழுந்தேன் என்பதைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவள். தெற்கு ஆக்லாந்தில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் வரலாற்று ஆசிரியை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அடுத்த வருடமே சமயக் கல்வி ஆசிரியர் வேலையை விட்டுப் போனார். ஆள் கிடைக்கும்வரை தற்காலிகமாக நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் நான் ஓய்வு பெறும்வரை நீடித்தது. விதிப்படி அந்த வேலைக்கு ஒரு கிறிஸ்தவர் வேண்டும். விதியைப் பற்றி அக்கறையாகப் பேசிய கிறிஸ்தவர்கள் பலர் இருந்தார்கள். விண்ணப்பம் போட ஒருவரும் வரவில்லை.

ஆகவே நெற்றியில் திருநீற்றோடு ஒரு சைவப் பெண்மணி சமோவன், தொங்கன், பிலிப்பினோ பிள்ளைகளுக்கு யேசுவைப் பற்றிப் பாடம் நடத்தினாள். சக ஆசிரியர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் அந்த வகுப்பு தங்கள் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் வாரத்தில் ஒரு பாஸ்டரின் மகள் எழுந்து, "மிஸ், நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா?" என்று கேட்டாள். "இந்த வகுப்பில் புள்ளி போடுகிறவள் நான். உன்னுடைய இரட்சிப்பை முதலில் பார்" என்றேன். அதன் பிறகு நாங்கள் நல்ல சிநேகிதிகள்.

இயர் 12 பிள்ளைகளுக்கு ஈஸ்டரை ஒட்டி ஒரு பாடம் உண்டு. சிலுவை மரணத்தை அந்தக் காலத்து யூதர்களும் ஆதிக் கிறிஸ்தவர்களும் எப்படிப் பார்த்தார்கள் என்பது தலைப்பு. நான் மிகவும் ரசித்து நடத்திய பாடம் அதுதான். நம் சூப்பர்மார்க்கெட்டுகளில் கிறிஸ்மஸ் மரத்தைக் கழற்றிய கையோடு மேலே சிலுவைக் குறி போட்ட ஈஸ்டர் பன்னை அடுக்கிவிடுவார்கள் அல்லவா? அதில் ஒரு பொதி வாங்கிக்கொண்டு போவேன். ஒரு பன்னைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்பேன். "ஹொட் க்ரொஸ் பன், மிஸ்!" என்று கத்துவார்கள். "இல்லை. இது ஒரு கொலைக்கருவியின் படம். மாவில் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். வெண்ணெய் பூசினால் நன்றாக இருக்கும்" என்பேன். பிறகு கழுத்தில் தங்கச் சிலுவை போட்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, தூக்குக் கயிற்றைத் தங்கத்தில் செய்து தந்தால் போடுவாயா என்று கேட்பேன். வகுப்பு அப்படியே நிமிர்ந்து உட்காரும்.

அதற்கு மேல் பாடம் தானாக ஓடும். சிலுவை யூதர்களுடையதல்ல. அது ரோமர்கள் கொண்டுவந்தது, எதிர்த்த யூதர்களை வீதியோரத்தில் வரிசையாக அதில் அறைந்தார்கள். பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள், யேசுவை யூதர்கள்தான் அறைந்தார்கள் என்று கதையைத் திருப்பி, அதைச் சொல்லியே அவர்களை நூற்றாண்டு நூற்றாண்டாக அடித்தார்கள். வரலாறு படித்தவளுக்கு வயிறு எரிகிற இடம் இது. யூதர்களின் பழைய சட்டத்தில், மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்று ஒரு சொல் இருந்தது. கொன்ற பிறகு தொங்கவிடும் உடலைப் பற்றிய சொல் அது. ரோமர்களின் சிலுவை வந்தபின் அதற்கும் பொருத்திப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய், சிலுவையில் செத்தவர்தான் நாம் காத்திருந்த மீட்பர் என்று சொன்னால் கேட்கிறவர் என்ன சொல்லியிருப்பார் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். "போய் வேலையைப் பார் என்றிருப்பார், மிஸ்" என்பார்கள். சரியான பதில்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் பாடு அதைவிடச் சங்கடம். சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்ததற்குச் சாட்சி இருக்கிறது. ரோமில் எவனோ ஒருவன் சுவரில் கழுதைத் தலையோடு ஒரு மனிதனைச் சிலுவையில் கீறி, பக்கத்தில் அதைக் கும்பிடுகிறவனையும் கீறி வைத்திருக்கிறான். கிறிஸ்தவர்கள் வாயால் சிலுவையைப் பெருமை என்று சொன்னார்கள். கல்லறைச் சுவரில் படம் போட வந்தபோது மீன் கீறினார்கள், நங்கூரம் கீறினார்கள், தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு மேய்ப்பனைக் கீறினார்கள். சிலுவையில் தொங்கும் உடலைப் பலர் பார்க்க வரைவதற்கு, அந்தத் தண்டனையே ஒழிந்து, அதை நேரில் பார்த்த கண் ஒன்றுகூட மிஞ்சாத காலம் வர வேண்டியிருந்தது. "ஒரு பயங்கரத்தை நகையாக்க, அதைப் பார்க்காதவர்களால்தான் முடியும்" என்பேன். எனக்கு நானே கைதட்டாத குறை. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே வாக்கியம்.

அந்த வருடம் வகுப்பில் அஞ்சலா என்று ஒரு பிள்ளை இருந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள், வீடு மனுரேவாவில். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுடைய கட்டுரையில் ரோமர்களின் நோக்கம் உயிரோடு சேர்த்து மானத்தையும் எடுப்பது என்று அழகாக எழுதியிருந்தாள். ஆட்கள் போய் வரும் சந்தி, குற்றத்தை எழுதித் தொங்கவிட்ட பலகை, பார்த்துக்கொண்டு போகிறவர்களின் பயம், எல்லாம் இருந்தது. கடைசியில், தொங்கவிடப்பட்டவனின் சாபம் அவன் குடும்பத்தையும் பிடித்தது என்று முடித்திருந்தாள். நான் சொன்னது தலைகுனிவு, அவள் எழுதியது சாபம். பிள்ளைகள் சுருக்கி எழுதுவார்கள். ஆக உயர்ந்த புள்ளி போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே அஞ்சலாவின் தாய் றெஜினாவிடமிருந்து பிரின்சிபலுக்கு மின்னஞ்சல் வந்தது. சமய ஆசிரியை ஆண்டவரைச் சபிக்கப்பட்டவர் என்று சொல்லிக் கொடுக்கிறார், மகளை அந்த வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

பிரின்சிபல் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் கீழ் வேலை பார்ப்பதில் உள்ள கஷ்டம் உங்களுக்குப் போகப் போகத் தெரியும். அவருக்கு எல்லாவற்றிலும் பிள்ளைகளின் மனநலம் தெரியும், மனநலத்தில் ஒரு கூட்டம் தெரியும், கூட்டத்தில் கண் துடைக்க ஒரு ரிஷூப் பெட்டி தெரியும். அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டு, ஈஸ்டருக்குப் பிள்ளைகள் நம்பிக்கையைப் பற்றிச் சுவரொட்டி செய்தால் என்ன என்று என்னிடம் கேட்டார். மஞ்சள் நிறத்தில் செய்யலாம் என்றார்.

ஸ்டாஃப் ரூமில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார், கணித ஆசிரியர் கார்த்திக். "எதுக்கு மேடம் வம்பு? ஒரு சாரி சொல்லிட்டு அடுத்த சாப்டருக்குப் போயிடுங்க. பேரன்ட்ஸ்கிட்ட பேசி ஜெயிச்சவங்க யாரு?" என்றார். தேற்றம் நிரூபிக்கிறவர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். "தேற்றத்துக்கு அம்மா கிடையாது மேடம்" என்றார். அவருடைய புத்திமதியில் பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. புத்தகங்களில் அடையாளத் தாள் செருகி, ஆதாரங்களை வரிசைப்படுத்தி, கிடங்கில் பெட்டி அடுக்கும் ஒரு தாயை எதிர்கொள்ள ஒரு பேராசிரியரோடு மோதப் போகிறவள் போல ஆயத்தமானேன்.

றெஜினா வேலை முடிந்து நேராக வந்தார். கிடங்கில் போடும் பளபளத்த மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அஞ்சலா வெளியே வாங்கில் இருந்தாள். கண்ணாடிக் கதவால் அவள் காதுமாட்டியில் பாட்டுக் கேட்பது தெரிந்தது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஆண்டவரைப் பற்றி நான் சொந்தமாக ஒன்றும் சொல்லவில்லை, அக்காலத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை மட்டும் சொன்னேன், இதோ ஆதாரம், இதோ இன்னொன்று. பிரின்சிபல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். றெஜினா புத்தகங்களைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு விட்ட இடைவெளியில் தமிழில் கேட்டார்.

"ரீச்சர், நீங்களும் ஊரிலயிருந்துதானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப மட்டை எழுதித் தொங்கவிடுறதைப் பற்றி, பன்னைக் காட்டிக் காட்டி எப்பிடிச் சொல்லிக் குடுத்தனீங்கள்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்களில் பலருக்கு விளங்காது, நீங்கள் இந்தியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தவர்கள், அல்லது வயது போதாதவர்கள். எங்கள் ஊரில் ஒரு காலம் இருந்தது. துவக்கு வைத்திருந்தவர்கள் ஒருவரைத் துரோகி என்று தீர்மானித்தால், சந்தியில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டு, குற்றத்தை மட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். விசாரணையை யாரும் பார்த்ததில்லை. மட்டையை எல்லோரும் வாசித்தார்கள். பாடத்தில் பலகை வரும் இடத்தில் எனக்கும் அந்தக் கம்பங்கள் நினைவுக்கு வரும். வந்தவுடன் வேகமாகப் பன்னுக்குத் தாவிவிடுவேன்.

"என்ர அப்பாவைக் கட்டினவங்கள்" என்றார் றெஜினா. குரலை உயர்த்தவில்லை. "நான் அப்ப சின்னப்பிள்ளை. பெரியப்பாகூடச் செத்தவீட்டுக்கு வரேல்லை. பயம். கோயில் மணி அடிக்கேல்லை. அஞ்சலாவுக்கு அம்மப்பா காய்ச்சலில செத்தவர் எண்டுதான் சொல்லி வளர்த்தனான். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையில இருந்து, தொங்கினவன்ர குடும்பத்துக்கும் சாபம் எண்டு எனக்கே வாசிச்சுக் காட்டுறாள். நல்ல மார்க்ஸ் எண்டு சிரிக்கிறாள். நான் என்ன செய்ய?"

அவர் அழவில்லை. மேலங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிரின்சிபல் ரிஷூப் பெட்டியை மெதுவாக நகர்த்தி வைத்து என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

பிள்ளைகளே, நான் சொல்ல வந்த இடம் இதுதான். மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் உண்மையிலேயே வருந்துவார். வருந்திய கையோடு பதிவு செய்வார், ஏனென்றால் விதி அப்படி. பின்னேரத்துக்குள் ஆலோசகருக்கு ஒன்று, வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு ஒன்று என்று மின்னஞ்சல்கள் பறக்கும். அடுத்த நாள் அஞ்சலாவை மெத்தென்ற நாற்காலி போட்ட அறைக்கு அழைத்து, உன் குடும்பத்தில் நடந்த அவலத்தைப் பற்றி உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். எல்லோரும் அன்பாகவே கேட்பார்கள். தன் அம்மப்பா எப்படிச் செத்தார் என்பதை அந்தப் பிள்ளை, அம்மப்பாவின் பெயரை உச்சரிக்கவே தெரியாத ஒருவரிடமிருந்து அறிந்துகொள்ளும். ஒரு தாய் இத்தனை காலம் பொத்தி வைத்தது ஒரு கோப்பாகிவிடும்.

மொழிபெயர்க்காமல் விட்டால்? முறைப்பாடு சொன்ன தாயின் வார்த்தையை, முறைப்பாட்டுக்கு ஆளான ஆசிரியை மறைத்தவளாவேன். அதற்கு வேலை போகலாம். போவதில் நியாயமும் இருக்கிறது.

றெஜினாவைப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் விளங்கும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். அவர் தமிழில் சொன்னதே எனக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

"நான் பாடத்தில் பாதியைத்தான் நடத்தியிருக்கிறேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் சொல்வது சரி. மறுபாதியை அவரிடம் தமிழிலேயே விளக்கலாமா என்று கேட்க விரும்புகிறேன்."

றெஜினா ஆங்கிலத்தில், "யெஸ். ஹாஃப்" என்றார்.

பிரின்சிபலின் முகம் மலர்ந்தது. எவ்வளவு அருமையான கருத்து, பெற்றோரும் பாடசாலையும் சேர்ந்து கற்பது என்றால் இதுதான் என்றார். நீங்கள் தாய்மொழியில் ஆறுதலாகப் பேசுங்கள் என்று சொல்லி, தானே தேநீர் போட எழுந்து போனார். என் பணிக்காலத்தில் ஒரு நிர்வாகி எடுத்த மிகச் சிறந்த முடிவு அது.

கதவு சாத்தியதும் நான் புத்தகங்களை மூடி ஒதுக்கினேன்.

"அந்தச் சட்டம் அந்த ஒரு சொல்லோட முடியேல்லை, றெஜினா" என்றேன். "நான்தான் அதில நிப்பாட்டிப்போட்டன். அதே இடத்தில இன்னொண்டும் இருக்கு. தொங்கினவன்ர உடலை இரவு முழுக்க மரத்தில விடக் கூடாது, அண்டைக்கே இறக்கி அடக்கம் செய்ய வேணும். என்ன குற்றம் செய்தவனா இருந்தாலும் சரி. யேசுவின்ர கதையிலயும் ஒரு ஆள் போய் உடலைக் கேட்டு வாங்கி, இறக்கி, துணி சுத்தி அடக்கம் பண்ணுறார்தானே? அவரும் அந்தச் சட்டம் தெரிஞ்ச யூதர்தான்."

"ஆக்கள் உண்மையில இறக்கினவையோ? சட்டத்தில இருந்தாப் போதுமோ?"

நல்ல கேள்வி. ஆதாரங்களோடு வந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

"இறக்கினவை. ஜெருசலேமுக்குப் பக்கத்தில ஒரு குடும்பத்தின்ர கல்லறையைத் தோண்டினவை. அதில ஒரு கல்லுப் பெட்டிக்குள்ள ஒரு ஆளின்ர எலும்புகள். குதிக்கால் எலும்பில இன்னும் ஆணி இருந்தது. சிலுவையில அறைஞ்ச ஆள். ஆணி வளைஞ்சுபோனதால கழட்ட முடியாமல் அப்பிடியே கொண்டுபோய் வைச்சிருக்கினம். உடல் உக்கின பிறகு எலும்புகளைப் பொறுக்கி, தங்கட ஆக்களோட ஆளாப் பெட்டியில வைச்சிருக்கினம்."

"ஆர்?"

"வீட்டு ஆக்கள். வேற ஆர்?"

றெஜினா கதவுக்கு வெளியே மகளைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மாதான் இறக்கினவ. கயிறு வெட்ட ஒரு கத்தி கேட்டு அந்தச் சந்தியில நாலு வீடு தட்டினவ. ஒருத்தரும் கதவு திறக்கேல்லை. திரும்பி வீட்ட வந்து தேங்காய் வெட்டுற கத்தியை எடுத்துக்கொண்டு போனவ. நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மட்டையை அம்மா கிழிச்சு வாய்க்காலில போட்டவ." முகத்தைத் துடைத்தார். "அதை நான் இவ்வளவு நாளும் வெக்கம் எண்டு நினைச்சு வைச்சிருந்தனான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கல்லுப் பெட்டியில என்ன எழுதியிருந்தது, ரீச்சர்?"

"பெயர். தகப்பன்ர பெயரும்."

"குற்றத்தையும் எழுதினவையோ?"

"இல்லை. பெயர் மட்டும்தான்."

தலையை மெதுவாக ஆட்டினார். "அப்ப அவள் வகுப்பில இருக்கட்டும். இதைச் சொல்லிக் குடுங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."

பிரின்சிபல் தேநீரோடு வந்தார். எந்தக் காய்ந்த இலையில் போட்டாரோ, வைத்தியர் தரும் கஷாயம் தோற்றது. றெஜினா ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி இருக்கிறதா என்று கேட்டார். முறைப்பாடு சுமுகமாகத் தீர்ந்தது என்று பிரின்சிபல் பதிவு செய்துகொண்டார். வருட முடிவில் அதைத் தன் வெற்றிகளில் ஒன்றாகக்கூடச் சொன்னார். சொல்லட்டும்.

அடுத்த வகுப்புக்கு நான் பன் கொண்டு போகவில்லை. மறுபாதியை நடத்தினேன். ரோமர்கள் அறைந்த தங்கள் பிள்ளைகளை எல்லா யூதரும் சபித்துத் தள்ளவில்லை என்று தொடங்கினேன். அவர்களுடைய பழைய ஆசிரியர் ஒருவர் சொன்ன கதையையும் சொன்னேன். இரட்டைச் சகோதரர்கள், ஒருவன் அரசனானான், மற்றவன் கொள்ளைக்காரனாகிப் பிடிபட்டுத் தொங்கினான். பார்த்தவர்கள் எல்லோரும் அரசனே தொங்குகிறான் என்றார்கள். அரசன் உடனே அவனை இறக்கச் சொன்னான். மனிதர்கள் கடவுளின் சாயல் என்றால், ஒருவனைத் தொங்கவிட்டு அவமதிப்பது யாரை அவமதிப்பது என்பது கதையின் கேள்வி. குதிக்கால் எலும்பைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலா கையை உயர்த்தி, "மிஸ், அவரை இறக்கப் போனவர்களுக்குப் பயமாக இருந்திருக்காதா?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்றேன். அவள் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

றெஜினா வீட்டில் எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஒரு பெற்றோர் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார் என்பதற்காக அது உங்களுடையதாகிவிடாது. இன்னொன்று. முறைப்பாட்டில் எழுதியிருப்பதற்குப் பதில் தேடிக்கொண்டு போகாதீர்கள், அதை நான் செய்தேன், மேசை நிறையப் புத்தகங்களோடு அசடு வழிந்தேன். எழுதியவர் எதற்காக இரவு தூங்கவில்லை என்று பாருங்கள். எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. சில வேளை அவருக்கு உண்மையிலேயே உங்களைப் பிடிக்காமலும் இருக்கலாம், அதற்கும் உரிமை உண்டு. நான் அன்று மொழிபெயர்த்தது சரிதானா என்று கேட்டால், விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரி என்று சொல்ல மாட்டேன். மறுபடி நடந்தாலும் அதையேதான் சொல்வேன்.

நவம்பரில் றெஜினா தொலைபேசியில் அழைத்தார். "ரீச்சர், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வாறீங்களோ? நீங்கள் சைவம் எண்டு தெரியும். சும்மா வந்து இருங்கோ" என்றார்.

நவம்பர் இறந்தவர்களுக்கான மாதம். கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள். பூசையில் ஒவ்வொரு பெயராக வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் றெஜினா தன் தாயின் பெயரை மட்டுமே கொடுத்து வந்திருக்கிறார். தகப்பன் பெயரைக் கொடுத்ததில்லை. அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அதே பகுதியிலிருந்து வந்தவர்கள். பெயர் காதில் விழுந்தால் மட்டையும் நினைவுக்கு வரும் வயதில் இருப்பவர்கள்.

நான் பின் வரிசையில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சில மாமிமார் குழம்பிப் போனார்கள், மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். பெயர்களை வாசிக்க அந்த வருடம் இளையவர்களை விட்டிருந்தார்கள். அஞ்சலா மேடைக்கு வந்தாள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாக, நியூசிலாந்து நாக்கால் மடக்கி மடக்கி வாசித்தாள். அருளானந்தம் என்பவர் அவள் வாயில் வேறு யாரோ ஆனார். யாரும் குறை நினைக்கவில்லை, ஆட்கள் எழுந்து போய்த் திரி ஏற்றி வந்தார்கள்.

பிறகு ஒரு பெயரைத் திருத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப் பெயர். அதை நான் இங்கே எழுதவில்லை, அது அவர்களுடையது.

முன் வரிசைகளில் சில தலைகள் திரும்பின. ஒரு முதியவர் பக்கத்தில் இருந்த மனைவியின் கையைத் தொட்டார். ஒருவரும் அசையவில்லை. றெஜினா இருந்த இடத்தில் இருந்தார், எழும்ப முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அஞ்சலா அடுத்த பெயருக்குப் போகவில்லை. தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, கோயில் முழுவதையும் பார்த்து, வராத தமிழில் சொன்னாள்.

"இவர் என்ர அம்மப்பா."

றெஜினா எழுந்து நின்றார். "ஓம்" என்றார், மெழுகுதிரிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். "என்ர அப்பா."